நாலாவது ஆளுக்கு இடம்

பிப்ரவரி 4

லோடர் சாருக்கு,

வேற எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டு டீ குடிச்சாச்சு.

நீங்க மலை மேல வானிலை நிலையத்து வேலைக்குப் போய் நாலு மாசம் முடியப் போகுது. அங்க போன் எடுக்காதுன்னு தெரியும். வியாழக்கிழமைதோறும் ஒரு ஜீப் மேல வந்துட்டுத் திரும்புதுன்னும் தெரியும். அதுல ஒரு லெட்டர்கூட ஏறாததுக்கு நம்ம ரெண்டு பேரும்தான் காரணம். சரி, இப்ப சண்டைக்கு எழுதல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க ரூமைத் துடைக்கப் போனேன். கை பட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆயிடுச்சு. கை பட்டுதான், நம்புனா நம்புங்க. உங்க டாங்கி விளையாட்டு வந்து நின்னுச்சு, கூடவே ஒரு தகவல். அந்த விளையாட்டுல புதுசா ஒரு டாங்கி சேர்க்கச் சொல்லி நீங்க யோசனை எழுதிப் போட்டிருக்கீங்களாம். 'பழைய வண்டியின் நவீன வடிவம், நாலு பேருக்கானது.' அதுக்குப் படமும் இல்ல, ஆதாரமும் இல்ல, மார்ச் 31க்குள்ள தரலைன்னா மூடிடுவோம்னு பனிக்கரடின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். யோசனையெல்லாம் சரிபாக்கற ஆளாம். படம் வெள்ளைக் கரடி, பேச்சு ஹெட்மாஸ்டர்.

மூடச் சொல்லிடட்டுமா? அந்தப் பாழாப்போன விளையாட்டு ஒழிஞ்சா சரின்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா படிச்சுட்டேன், முழுசா. பதினோரு வருஷம் ராணுவ டாங்கிக்குள்ள நின்னு பீரங்கியில குண்டு போட்ட மனுஷன் நீங்க. அதைப் பத்தி வீட்டுல நாலு வார்த்தை பேசினதில்ல. முகம் தெரியாத கரடிக்கு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

பதில் போடுங்க. ஒரு வரி போதும்.

வீட்டில் இருப்பவள்


பிப்ரவரி 11

காலை ஆறு மணிக் கணக்கை எழுதிவிட்டு இதை எழுதுகிறேன். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கில் மேகம் என்று பதிவதுதான் இங்கே என் வேலை. இன்று எட்டில் பூஜ்யம். மேகம் மொத்தமும் எனக்குக் கீழே கிடக்கிறது. நம் வீடு அதற்கும் கீழே எங்கோ. நீ இந்நேரம் குடையைத் தேடிக்கொண்டிருப்பாய்.

மூடச் சொல்லிவிடு. அது வேலையில்லாதவன் பார்த்த வேலை.

இதோடு முடித்து உறையில் போட்டேன். ஜீப் நாளைக்குத்தான். மறுபடி பிரித்துவிட்டேன்.

நீ படித்துவிட்டதால் சொல்கிறேன். எங்கள் பழைய வண்டியில் நாலு பேர். கமாண்டர், கன்னர், டிரைவர், குண்டு போடும் லோடர் நான். ராணுவம் அதைப் புதுப்பித்தபோது புது எஞ்சின் வந்தது, இருட்டிலும் பார்க்கும் கண்ணாடி வந்தது, கனமான கவசம் வந்தது. என் இடத்துக்குத் தானாகக் குண்டு போடும் மெஷின் வந்தது. அந்த மூன்று பேர் வண்டிதான் விளையாட்டில் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. உலகத்திலேயே ஒன்றே ஒன்று. புதியதெல்லாம் வைத்து, குண்டுகளைப் பின்னால் தனி அறையில் இரும்புக் கதவுக்கு அப்பால் அடுக்கி, நாலாவது ஆளையும் விட்டுவைத்த வண்டி. ஒன்பது நாள் மணல் திடலில் சோதித்தார்கள். பிறகு அக்கக்காகப் பிரித்துவிட்டார்கள். அதைத்தான் கேட்டிருந்தேன். திரைக்குள்ளாவது அது ஓடட்டும் என்று ஓர் ஆசை.

கரடி மேல் பொறாமைப்படாதே. அது பதிலுக்கு ஆதாரம்தான் கேட்டது.


பிப்ரவரி 18

லோடர் சாருக்கு,

மூடல.

அது மட்டுமில்ல, ஒரு தடவை ஓட்டியும் பாத்தேன். சாயங்காலம் பல் லேபுலேர்ந்து வந்து முகம் கழுவிட்டு உக்காந்தேன். பனி மூடின வயல், நடுவுல ஆறு, அந்தப் பக்கம் சூரியன் பாதி எழுந்து அப்படியே நின்னுடுது. யாரையும் சுடத் தோணல. ஆத்தங்கரையில வண்டியை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி மேல வெள்ளையா ஏதோ நகருது, நாணல் அசையுது. நான் எந்த வீட்டுல எந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்னே மறந்து போச்சு. அப்ப எவனோ பின்னாலேர்ந்து அடிச்சுத் தூக்கிட்டான். என் கூட்டாளிங்க திட்டின திட்டு இருக்கே! நல்லவேளை, பாஷை புரியல.

நீங்களும் அங்க இப்படித்தான் உக்காந்திருந்தீங்களோ என்னமோ. கேட்டிருக்கலாம். கேக்கல.

கரடிக்கு நானே பதில் எழுதிட்டேன். 'இவருடைய மனைவி எழுதுகிறேன், அவர் மலை மேல் இருக்கிறார், படம் நான் தருகிறேன்.' மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனா மரியாதையாத்தான் பதில் வந்துச்சு: 'அம்மா, ராணுவ ரகசியக் காகிதம் எதையும் போட்டுடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் போட்டு, நாங்க எல்லாரும் ராத்திரியெல்லாம் முழிச்சு அதை அழிக்க வேண்டியதாச்சு.' அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார். புதுக் கருவிகளை வெச்சா பீரங்கிக் கூண்டுக்குள்ள நாலாவது ஆளுக்கு இடமே இருக்காதாம்.

எனக்கு வரையத் தெரியாது. ஆனா இருபத்திரண்டு வருஷமா ஊரார் வாய்க்குப் பல் செட் செய்யற கை இது. மெழுகுல செஞ்சு படம் எடுத்து அனுப்பறேன். இருபதுல ஒரு பங்கு அளவு. உள்பக்க அளவெல்லாம் எழுதி அனுப்புங்க.


பிப்ரவரி 25

மேகம் எட்டில் ஐந்து. மெல்லிய, இழுத்துவிட்ட மாதிரியான மேகம்.

நீ ஓட்டினாய் என்கிற இடத்தை நாலு தடவை படித்தேன். ஜீப்காரர் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டுல நல்ல சேதியா?" என்றார். "ஆமா, என் பெண்டாட்டியைச் சுட்டுட்டாங்க" என்றேன். அவர் சட்டென்று ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அளவு எனக்கு மீட்டரில் தெரியாது, உடம்பில்தான் தெரியும். நிமிர்ந்தால் தலை கூரையில் இடிக்கும், அதனால் கழுத்தை இடது பக்கம் சாய்த்தே நிற்க வேண்டும். வலது தோளுக்கும் பீரங்கிக்கும் நடுவே ஒரு சாண். முழங்காலால் ஒரு பொத்தானை அழுத்தினால் பின்னால் இரும்புக் கதவு திறக்கும். இருபத்திரண்டு கிலோ குண்டை மார்போடு இழுத்து, ஒரு திருப்புத் திருப்பி, பீரங்கிக்குள் விட்டு, மூடிய முஷ்டியால் தள்ள வேண்டும். விரலை நீட்டித் தள்ளினால் விரல் போய்விடும். பிறகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு "ரெடி!" என்று கத்த வேண்டும். நான் கத்தினால்தான் கன்னர் சுடுவார்.

நேற்று மத்தியானம் கண் அசந்தேன். கனவில் அந்த வண்டி மேகத்தின் மேல் போகிறது. சக்கரச் சங்கிலிச் சத்தமே இல்லை. மூடிகளெல்லாம் திறந்திருக்கின்றன. டிரைவர் இடத்தில் நீ, முகத்தில் லேப் மாஸ்க். எங்கே போகிறோம் என்று கேட்டேன். "பேசாம வாங்க" என்றாய். வெகுநேரம் போனோம்.

நான் மலை ஏறுவதற்கு முந்தின வாரம், நீ லேபில் கையைச் சுட்டுக்கொண்டு வந்து கூப்பிட்டபோது நான் திரும்பவில்லை. விளையாடிக்கொண்டிருந்தேன், காதில் ஹெட்செட் இருந்தது. இது சாக்கு இல்லை. உன் செருப்புச் சத்தம் கேட்கும் நேரம் எனக்குத் தெரியும், ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருக்கலாம். கை ஆறிவிட்டதா? தழும்பு இருக்கிறதா?


மார்ச் 4

கை ஆறிடுச்சு. கட்டை விரலுக்குக் கீழ ஒரு தழும்பு, அரிசி மணி அளவுக்கு.

நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தையும் உங்க காதுல விழுந்திருக்காதோன்னு இத்தனை நாள் ஒரு நப்பாசை இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள ஹெட்செட்டைக் கழட்டிட்டீங்க. 'உங்களை எடுத்துட்டு மெஷினை வெச்சதுல ஆச்சரியமே இல்ல, அதுவாவது சொன்ன வேலையைச் செய்யும்'னு நான் சொன்னப்ப என் முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அடுத்த வாரம் மலை ஏறிட்டீங்க. கை எரிச்சல்ல வந்த வார்த்தை அது. எரிச்சல் போயிடுச்சு, வார்த்தை போகல. மன்னிச்சிடுங்க. இந்த ஒரு வரியை எழுத ஒரு மாசம் டாங்கியைப் பத்திப் பேச வேண்டியிருந்துச்சு.

மெழுகு வேலை முடிஞ்சுது. நீங்க 'ஒரு சாண்'னு எழுதினா நான் எந்தக் கையை அளக்கறது? அலமாரியிலேர்ந்து உங்க நீலச் சட்டையை எடுத்து மேஜை மேல விரிச்சேன். தோள், கை நீளம், எல்லாத்தையும் சட்டையிலேர்ந்தே எடுத்தேன். எட்டே முக்கால் சென்டிமீட்டர்ல ஒரு மெழுகு ஆளு. கூண்டுக்குள்ள நிக்க வெச்சா தலை இடிச்சுது. ஸ்பிரிட் விளக்குல லேசாக் காட்டி கழுத்தைச் சாய்ச்சேன். பொருந்திடுச்சு. படுக்கையில எப்பவும் அந்தப் பக்கமாவே கழுத்தைச் சாய்ச்சுப் படுப்பீங்களே, அது எங்கேர்ந்து வந்த பழக்கம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கத்தியைக் கீழ வெச்சுட்டேன்.

எங்க பல் மெழுகு ரோஸ் கலர்தானே, லேபுல எல்லாரும் அந்த ரோஸ் டாங்கியைச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்தாங்க. முதலாளியம்மா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "யாரோட தாடைம்மா இது?"ன்னாங்க.

படத்தைப் பாத்துட்டு கரடி, இடம் இருக்குன்னு ஒத்துக்கிட்டார். உங்க டிரங்குப் பெட்டியில படையோட ஆண்டு மலர் ஒண்ணு இருந்துச்சு. நூலகத்துல எல்லாரும் படிக்கற புத்தகம்தானே, அதுல இருந்த படத்தையும் அனுப்பினேன். ஆதாரம் ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு வேணுமாம். குண்டு போட அஞ்சு விநாடின்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் கேக்கறார்.

நானும் ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்துக்குக் கீழ, 'இரு வண்டிகளுக்கும் நடந்த போட்டியின் முடிவில் மூன்று பேர் வண்டி தேர்வானது'ன்னு போட்டிருக்கு. போட்டியா? மேலிடத்து முடிவுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?


மார்ச் 11

மேகம் எட்டில் எட்டு. ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர்கூடத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். அந்த வார்த்தை அவ்வளவு வலித்ததற்குக் காரணம் நீ இல்லை. அது உண்மை என்று எனக்கு மட்டும் தெரியும்.

போட்டிதான். மெஷினும் நானும். படை முழுக்கத் தேடி என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் நாள் கடைசிப் பரீட்சை. இரும்பு நிரப்பிய டம்மி குண்டு, எடை அதே எடை. மொத்தம் முப்பது. முதல் பன்னிரண்டை ஐந்து ஐந்து விநாடியில் போட்டேன். மெஷினுக்கு ஏழு. வெளியே கைதட்டுகிற சத்தம் கவசத்தைத் தாண்டிக் கேட்டது. பதினாறோடு பின்னறை காலி. அதற்கு மேல் காலடியிலிருந்து தூக்க வேண்டும். இருபதில் ஒன்பது விநாடி ஆனது. இருபத்தைந்தில் விரல்கள் என்னுடையவையாக இல்லை. இருபத்தெட்டாவது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெளிவாக நினைவில்லை. மெஷின் முப்பதாவதையும் ஏழு விநாடியில் போட்டது.

அதன்பின் எல்லா வண்டியிலும் மெஷின் வந்தது. எத்தனை லோடர்கள்! ஒரே பாராக்கில் என்னோடு படுத்து எழுந்தவர்கள். ஒருத்தரைக்கூட நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் இடத்தையும் சேர்த்துத்தான் நான் கீழே போட்டேன். ஆறு வருஷமாகச் செக்யூரிட்டி, கிடங்கு என்று எங்கே போய் நின்றாலும் அந்தக் குண்டு காலடியில் கிடந்தது.

விளையாட்டுக்கு எழுதும்போது ஐந்து என்று மட்டும் எழுதினேன். அங்கேயாவது அந்த ஆள் களைக்காமல் இருக்கட்டும் என்று.

இப்போது எல்லாம் உனக்குத் தெரியும். மூடச் சொல்லிவிடு.


மார்ச் 18

நீங்க திட்டினாலும் பரவாயில்ல, முதல்லயே சொல்லிடறேன். உண்மைக் கணக்கை எழுதிப் போட்டுட்டேன். உங்களைக் கேக்கல.

நான் செய்யறது பொய்ப் பல்லுதான். ஆனா அளவுல பொய் இருந்தா அது வாயில நிக்காது. அதனால நீங்க எனக்கு எழுதினதை அப்படியே வரிசையா எழுதினேன். முதல் பன்னிரண்டு அஞ்சு விநாடி, இருபதுல ஒன்பது, அப்புறம் இன்னும் மெதுவு. எங்கயாவது ஒதுக்குப்புறமா கொஞ்ச நேரம் சும்மா நிறுத்தினா மறுபடி வேகம் வரும். இருபத்தெட்டாவது குண்டு கை நழுவலாம். இப்படி ஒரு டாங்கி வேணும்னு எழுதினேன்.

ஒரே ரகளை. களைக்கற டாங்கியை எவன் ஓட்டுவான்னு பாதிப் பேர் சிரிச்சாங்க. உள்ள ஆள் இருக்கற டாங்கி இப்பத்தான் ஒண்ணு வந்திருக்குன்னு மீதிப் பேர். கரடி ஒரே வரி எழுதினார்: 'நானூறு யோசனை சரிபார்த்திருக்கிறேன். தன் வண்டியின் குறையைத் தானே எழுதியவரை இப்போதுதான் பார்க்கிறேன்.'

நேத்து காலையில ஒருத்தர் புதுசா வந்து எழுதினார். கையால அப்படியே பாத்து எழுதறேன், உக்காந்து படிங்க.

'நான் அந்த வண்டியின் கன்னர். பொதுமக்கள் பார்க்க விட்ட நாளில் என் மகளை வண்டிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். லோடர் ஏறி இறங்கும் கூரை மூடி அதில் தெளிவாகத் தெரியும். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டில் குண்டு விழுந்தது உண்மை. ஆனால் அவர் அதோடு விடவில்லை. தரையில் உட்கார்ந்து, குண்டை மடியில் உருட்டி ஏற்றி, அதைப் போட்டார். இருபத்தொன்பதையும் முப்பதையும் அதே மாதிரி போட்டார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. நேரம் முடிந்தது என்று வெளியே எப்போதோ அறிவித்துவிட்டார்கள், அவருக்குக் கேட்கவில்லை. மூன்று தடவையும் ரெடி என்று சொன்னார். குரலே இல்லை, மூச்சுதான் வந்தது. பிறகு என்னை மூன்று பேர் வண்டியில் போட்டார்கள். குண்டு ஏறினால் ஒரு பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்து என்னால் சுட முடியவில்லை. ஆறு மாதத்தில் மாற்றல் கேட்டுப் போய்விட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று யாராவது சொல்லுங்கள்.'

நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. அதையாவது உங்களைக் கேட்டுட்டுச் செய்யலாம்னு.


மார்ச் 25

நீ கேட்காமல் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். வெளியே போய் மழைமானியைத் துடைத்தேன். மழையே பெய்யவில்லை, அது சுத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் உள்ளே வந்து மீதியைப் படித்தேன்.

ஒன்பது மணிக் கணக்கைப் பதினோரு நிமிஷம் தாமதமாக எழுதினேன். இங்கே வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அந்த மூன்றும் போட்டது எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் என் இரண்டு தொடையும் கன்றிப்போய் நீலமாக இருந்தது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று அப்போது புரியவில்லை. இத்தனை வருஷமும் புரியவில்லை.

கன்னருக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். விலாசம் கேட்டு அனுப்பிவிடு. நீ படிக்கலாம், ஒட்டவில்லை.

எனக்கு ஒப்பந்தம் அக்டோபர் வரை. அதற்கு முன் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. கோபத்தில் இல்லை. முதலில் ஒளிந்துகொள்ளத்தான் வந்தேன். இப்போது இந்த வேலை பிடித்திருக்கிறது. விடியும்போது கீழே மேகம் மெல்லப் பொங்கி, ஒவ்வொரு குன்றாக மூடிக்கொண்டு வரும். சத்தமே இருக்காது. நான் பார்த்து ஒரு எண்ணை எழுதுவேன். அந்த எண்ணை எங்கோ யாரோ நம்புகிறார்கள்.

அறையில் இரண்டாவதாக ஒரு கட்டில் இருக்கிறது. அதன் மேல் பழைய பதிவேடுகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் இறக்கி அடுக்கிவிட்டேன். சும்மாதான். இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று. ஜீப்பில் முன்சீட்டு எப்போதும் காலியாகத்தான் வருகிறது.


ஏப்ரல் 2, ஜீப் கிளம்பற இடம்

லோடர் சாருக்கு,

இந்த லெட்டரை உங்க கையில குடுக்கறதா, இல்ல என் பையிலயே வெச்சுக்கறதான்னு மேல வந்துதான் முடிவு பண்ணணும். ஏன்னா இதே ஜீப்புல நானும் வர்றேன். பத்து நாள் லீவு. சேர்ந்தாப்பல பத்து நாள் நான் கேட்டதே இல்லைன்னு முதலாளியம்மா என் நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க.

ஜீப்காரர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "சாரோட வீட்டுக்காரம்மாவா? உங்களைத்தான் சுட்டுட்டாங்களாமே?"ன்னு கேக்கறார். ஆமாங்க, இப்பத்தான் எழுந்து வந்தேன்னு சொன்னேன்.

கன்னர், உங்க லெட்டர் கிடைச்சதும் நம்ம வீட்டுக்கே வந்துட்டார். கூட அந்த மகளும் வந்திருந்தா, இப்ப காலேஜ் போறாளாம். மனுஷன் உங்க நாற்காலியில உக்காந்து மெழுகு டாங்கியைக் கையில எடுத்து, உள்ள எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தார். "கழுத்து சரியா இருக்கும்மா"ன்னு மட்டும் சொன்னார். மே மாசம் மேல வந்து உங்களைப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார்.

கரடிகிட்டேர்ந்து முந்தாநேத்து சாயங்காலம் பதில் வந்துடுச்சு. ஆதாரம் ரெண்டும் சரி. யோசனை ஏத்துக்கிட்டாச்சு, வண்டி செய்யறவங்ககிட்ட போகுது. முன்னாடி நூத்தி நாப்பது வண்டி வரிசையில நிக்குதாம். மூணு வருஷம் ஆகலாம், வராமலேகூடப் போகலாம்னு நேர்மையாச் சொல்லிட்டார்.

கடைசியா ஒரு கேள்வி. இதுவரைக்கும் எந்த வண்டிக்கும் களைப்பு வெச்சதில்லையாம், எப்படி வெக்கறதுன்னு செய்யறவங்களுக்குத் தெரியலையாம். 'உங்கள் கணவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தால் கை திரும்ப வரும்?'

நான் பதில் எழுதல. ஆறு வருஷம்னு போட்டுடலாமா? இல்ல, அதுக்கும் மேலயா? நீங்கதான் சொல்லணும். அவசரமில்ல, பத்து நாள் இருக்கு.

வண்டி கிளம்பிடுச்சு, எழுத்து கோணலாத்தான் வரும். மூணாவது வளைவுல மேகத்துக்குள்ள பூந்து போகணுமாம், கண்ணாடியை ஏத்திக்கச் சொல்றார். நான் ஏத்தல. முன்னாடி ரோடே இல்ல, எல்லாம் வெள்ளையா இருக்கு. காகிதம் நனையுது, இதோட